தூளும் இலையும்

நம் கல்லூரியில் எந்தக் கூட்டமும் தேநீரின்றி முடிவதில்லை. விவாத சங்கமாயினும், விளையாட்டுப் பரிசளிப்பாயினும், ஜெபக் கூட்டமாயினும், இறுதியில் பெரிய பாத்திரம் ஒன்றினின்று பழுப்பு நிறமான பானம் வார்க்கப்படும். அதனைத் தேநீர் என்கிறோம். அதிற் பாலின் சுவையுண்டு, சர்க்கரையின் சுவையுண்டு, சிற்சில நாட்களில் இஞ்சியின் காரமும் உண்டு. தேயிலையின் சுவை யாது என வினவின், நம்மிற் பலர் விடை கூற இயலாது விழிப்பர். ஓராண்டுக்கு முன்னர் வரை யாமும் அவ்வாறு விழித்தவர்களே.

சென்ற ஆண்டில் விடுதி நண்பர் சிலர் கூடி, சனிக்கிழமை தோறும் மாலையில் ஒரு வகை இலையை வாங்கிப் பாலும் சர்க்கரையும் சேர்க்காது அருந்திப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். தேர்வுக் காலத்துச் சோர்வைப் போக்கும் வேடிக்கையாகத் தொடங்கிய செயல் அது. அதனால் யாம் கண்டவற்றையும், கண்டபின் எம் உள்ளத்தில் நிலைத்த கருத்தொன்றையும் ஈண்டு எழுதத் துணிந்தோம். தமிழர் கை பறித்த இலையைத் தமிழர் நா அறியாதிருத்தல் தகாது என்பதே அக்கருத்து.

முதலில் எம்மை வியக்கச் செய்தது, பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை, இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஊலாங் ஆகிய யாவும் ஒரே செடியின் இலைகளே என்பது. ஐரோப்பிய வணிகர் நெடுங்காலம் பச்சையும் கறுப்பும் வெவ்வேறு செடிகளினின்று வருவன என்றே நம்பியிருந்தனர். 1840களிற் சீன நாட்டினுட் சென்று தோட்டங்களை நேரிற் கண்ட இராபர்ட் பார்ச்சூன் என்னும் ஸ்காத்லாந்துத் தாவரவியலார் அம்மயக்கத்தைத் தீர்த்தார். வேற்றுமை யாவும் பறித்தபின் செய்யும் வேலையில் விளைவது. அரிந்து வைத்த வாழைக்காய் காற்றுப் பட்டுக் கறுப்பதை நம் அடுக்களையிற் காண்கிறோமன்றோ? வாட்டிச் சுருட்டிய இலையும் அவ்வாறே கறுத்து மணம் மாறுகின்றது. அம்மாற்றம் தொடங்குமுன் சூட்டினால் தடுத்துவிடின் அது பச்சைத் தேயிலை. முற்ற விடின் கறுப்பு. பாதியில் நிறுத்தின் ஊலாங். சீனர் பெரும்பாலும் இலையை இரும்புச் சட்டியில் வறுத்துத் தடுப்பர். ஜப்பானியர் ஆவியில் வேகவைத்துத் தடுப்பர். ஆதலால் முன்னதில் வறுத்த பயற்றின் மணமும், பின்னதில் இளங்கீரையின் மணமும் தோன்றுகின்றன.

இனி நாம் நாடோறும் அருந்தும் தூள் எவ்வாறு வந்தது? 1930களில் அஸ்ஸாமில் ஓர் இயந்திரம் தோன்றியது. பல் வைத்த உருளைகளினிடையே இலையை நசுக்கி, கிழித்து, சிறு மணிகளாகச் சுருட்டித் தள்ளுவது அதன் தொழில். அம்மூன்று செயல்களின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கொண்டு சி. டி. சி. என அதனை வழங்குவர். அத்தூள் விரைவில் நிறம் இறக்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும், சிறிதளவே பல கோப்பைகளுக்குப் போதும். இன்று இந்தியாவில் விளையும் தேயிலையிற் பெரும்பகுதி இவ்வியந்திரத்தின் வழியே செல்வதாகும்.

தேநீர்ப் பழக்கமும் நம் முன்னோர் தாமே தேடிக்கொண்டதன்று. 1903ஆம் ஆண்டில் ஏற்றுமதித் தேயிலையின்மீது ஒரு தீர்வை விதிக்கும் சட்டம் பிறந்தது. அப்பணத்தைக்கொண்டு பின்னர் ஊர்தோறும் பிரசாரம் நடைபெற்றது. இரயில் நிலையங்களில், தேநீர் இறக்கும் முறையைப் படிப்படியாக விளக்கும் விளம்பரப் பலகைகள் வைக்கப்பட்டன. இலையைக் கிண்ணத்தில் இட்டுக் கொதிநீரை ஊற்றிச் சில நிமிடம் மூடிவைக்க வேண்டுமென்று அவை கற்பித்தன. நம் மக்களோ தூளையும் நீரையும் பாலையும் சர்க்கரையையும் ஒன்றாக இட்டுக் கொதிக்கவிட்டனர். ஆசிரியர் ஒன்று கற்பிக்க மாணாக்கர் வேறொன்று கற்பது இக்கல்லூரியிலும் காணாத காட்சியன்று.

தேநீர்க் கடையை இகழ யாம் வரவில்லை. மழைநாளில், பேருந்து நிலையத்தில், கண்ணாடிக் குவளையில் நுரை ததும்ப ஆற்றித் தரும் தேநீருக்கு ஒப்பானது ஒன்றுண்டென்று கூறுவோமாயின் எம்மை எவரும் நம்பார். எட்டாம் நூற்றாண்டிற் சீனத்திலே தேயிலைக்கென்று முதன்முதல் நூல் இயற்றிய லூ யூ என்பவர், இஞ்சியும் வெங்காயமும் புதினாவும் இட்டுத் தேயிலையைக் கொதிக்க வைப்போரைச் சாக்கடை நீர் பருகுவோர் எனக் கடிந்தார். அவர் கூற்றில் எமக்கு உடன்பாடு இல்லை. ஆயின் ஒரு பொருளை ஒரே முறையில் மட்டும் அறிதல் அறிதலாகாது என்பதே எம் வழக்கு.

எம் முதற் சனிக்கிழமை படுதோல்வியாயிற்று. விலை கொடுத்து வாங்கிய சீனப் பச்சைத் தேயிலையிற் கொதிக்கும் நீரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுவைத்தோம். நிலவேம்புக் கஷாயத்தை ஒத்த ஒன்று கிடைத்தது. குழுவில் இருவர் அன்றே விலகினர். பின்னரே, பச்சை இலைக்குக் கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு ஊற்றி, இரண்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிட வேண்டுமென்பதை அறிந்தோம். கறுப்பிலைக்குக் கொதிநீரே ஏற்றது; அதற்கும் நான்கைந்து நிமிடத்திற்கு மேல் வேண்டா. இந்த ஒரு விதியை அறியாமையினால் இலைத் தேநீரை வெறுத்தோர் பலராவர் என்பது எம் துணிபு.

டார்ஜிலிங்கில் வசந்தத்திற் பறித்த முதற் கொழுந்து வைக்கோல் நிறமாக இறங்கக் கண்டு, கடைக்காரர் ஏமாற்றினார் என்றே எண்ணினோம். அருந்தியபின் ஐயம் நீங்கியது. ஆயினும் அது எம் நாவுக்குச் சற்று மெலிந்ததாகவே இருந்தது. மே, ஜூன் மாதங்களிற் பறிக்கும் இரண்டாம் கொழுந்தே எம்மை ஈர்த்தது. பழுத்த திராட்சையின் மணம் அதில் உண்டு. பச்சைத் தத்துப்பூச்சி என்னும் சிறு பூச்சி இலையைக் கடித்துச் சாற்றை உறிஞ்ச, செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்கள் அம்மணத்திற்குத் துணை செய்கின்றனவாம். தைவான் தீவில் ஒருவகை ஊலாங்கிற்கு இப்பூச்சி கடித்த இலையையே வேண்டித் தேர்வர். அதனை ஒரு முறையே அருந்தினோம். மறுமுறை வாங்க எம் பொருள்நிலை இடந்தரவில்லை.

சீனத்துப் பூகியன் மாகாணத்தில் ஊசியிலை மர விறகின் புகையில் உலர்த்திய இலையொன்று வந்தபோது விடுதி முழுதும் அடுக்களைப் புகை நாறியது. ஒருவர் கருவாடு என்றார். மற்றொருவரோ அன்றிலிருந்து அதனையன்றி வேறெதனையும் நாடுவதில்லை. சுவையைப் பற்றி வாதாடுதல் வீண் என்பதை அவ்விருவரிடத்துங் கற்றோம். இலங்கையின் ஊவா மலைச்சரிவுகளில், வறண்ட காற்று வீசும் ஜூலை முதல் செப்டம்பர் வரை பறித்த இலையில், விழுந்தெழுந்த சிறுவர்க்குத் தாய்மார் தேய்க்கும் தைலத்தின் குளிர்ச்சி போன்றதொன்று மூக்கில் ஏறியது. அது எம் இரண்டாம் விருப்பம்.

முதல் விருப்பம் யாதெனின், எங்கும் தேடவேண்டாத நீலகிரி இலையே. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, உறைபனி விழும் இரவுகளில் அங்கே கொழுந்து மெல்ல வளர்கின்றது. மெல்ல வளர்ந்த அவ்விலையில் மணம் செறிந்து நிற்கின்றது. கோப்பையில் தெளிந்த செம்பொன் நிறம், கசப்புச் சிறிது, மலர்மணம் மிகுதி. ஆறிய பின்னும் கலங்குவதில்லை. இரவிற் பேருந்து ஏறின் விடியலில் அம்மலையில் இறங்கலாம். 1830களிலேயே கேத்தியில் தேயிலைச் செடியை நட்டுச் சோதித்தனர். அங்ஙனமிருந்தும் அதன் இலையை இன்னதென்று அறிய எமக்கு இத்தனை சனிக்கிழமைகள் வேண்டியிருந்தன என்பதை நாணத்துடன் ஒப்புகிறோம்.

நாணம் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. இவ்விலையின் வரலாறு நம் மக்களின் வரலாறு. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 முதற் பரவிய இலைநோயினாற் காப்பித் தோட்டங்கள் அழிய, மலைநாடு முழுதும் தேயிலையாயிற்று. அதனை நட்டதும் பறித்ததும் தமிழகத்தின் வறண்ட ஊர்களினின்று சென்ற ஏழைமக்களின் கைகள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவிற்கு அனுப்புவதென்று எழுதிற்று. வந்தவருட் பலர் நீலகிரியின் அரசுத் தோட்டங்களில் மீண்டும் அதே செடியின்முன் நின்றனர். ஆனைமலைத் தோட்டங்களில் மக்கள் பட்ட பாட்டை, ஆங்கு மருத்துவராய்ப் பணிபுரிந்த பி. எச். டேனியல் 1969இல் வெளிவந்த தம் ஆங்கில நாவலில் எழுதி வைத்தார். ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் அது தமிழிலும் கிடைக்கின்றது. நல்ல இலை கப்பலேறியது. பறித்தவர் வீட்டிற் கொதித்தது தூளே.

எம் குழுவில் கூடலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் உளர். அவருடைய பாட்டி இலங்கையிலும் பின்னர் நீலகிரியிலும் கொழுந்து பறித்தவர். விடுமுறையில் அவர் இல்லம் சென்றபோது, யாம் கொண்டுபோன நீலகிரி இலையை முறைப்படி வடித்துக் கொடுத்தோம். அவர் கோப்பையைத் தொடவில்லை. வடிகட்டியிற் கிடந்த ஈர இலையை எடுத்து விரல்களால் விரித்து நோக்கினார். “ரெண்டு இலை, ஒரு கொழுந்து. பறிச்ச கை நல்ல கை, தம்பி” என்றார். அதன் பின்னரே ஒரு வாய் அருந்தினார். “எல்லாஞ் சரி, சீனி எங்கே?” என்று கேட்டார். எம் ஓராண்டுக் கல்வி அவ்விரு வாக்கியங்களுக்கு முன் நின்று நகைத்தது.

பறிக்கும் கைகளின் நிலை இன்றும் சீர்பட்டதென்று கூறல் இயலாது. நீலகிரியில் ஓரிரு ஏக்கர் நிலத்திற் பயிரிடும் சிறு விவசாயிகள் பல்லாயிரவர். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சை இலை ஒரு கிலோ தேயிலையாகும். அப்பச்சை இலைக்கு அவர்கள் பெறும் விலை, பெரும்பாலும் குன்னூர் ஏலத்தில் தூள் விற்கும் விலையைத் தொடர்ந்தே ஏறி இறங்குகின்றது. செலவுக்கும் கட்டாத விலையென்று அவர்கள் 2023இற் கூடப் போராடினர். 2006இல் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரத்து ஏலத்தில் நீலகிரி இலையொன்று கிலோ 600 டாலருக்கு விற்றதையும் இதனோடு சேர்த்து எண்ணுக. மலை ஒன்றே, செடியும் ஒன்றே. வாங்குவோர் தூளையே கேட்பின், விளைவிப்போரும் முற்றலும் காம்புமாகப் பறித்துத் தூளுக்கே கொடுப்பர். கொழுந்தாகப் பறிக்கும் உழைப்பிற்குக் கூலி தர அங்கே எவரும் இலர்.

நாம் இலைத் தேநீர் அருந்துவதனால் மட்டும் அவர் துயர் தீர்ந்துவிடும் என்று யாம் மயங்கவில்லை. விலை கூடினும் அதனை இடையிலுள்ளார் கொண்டுபோகக் கூடும். கூலியும் வீடும் மருத்துவமும் சட்டத்தாலும் சங்கத்தாலும் பெறவேண்டியவை. ஆயின் நல்ல இலையை அறிந்து கேட்போர் அண்டையிலேயே இல்லாதவரை, நல்ல இலை செய்யத் துணிவோர்க்குக் கடல் கடந்த சந்தையன்றிக் கதியில்லை. கேட்கும் பொழுதும் எந்த மலை, எந்தத் தோட்டம், எந்த மாதம் பறித்தது என்று கேட்டல் வேண்டும். பொதியின்மேல் இவை இன்றி, உடல் மெலியும், இளமை நிலைக்கும் என்று மட்டும் அச்சிட்டிருப்பின் அதனை மருந்துக் கடைக்கே விட்டுவிடுக.

இஃது ஆடம்பரம் என்பார் உளர். எம் பேராசிரியர் ஒருவரும் அவ்வாறே கூறினார். கணக்கிட்டுப் பார்ப்போம். கிலோ 1,000 ரூபாய் விலையுள்ள இலை என்று கொள்க. ஒரு கோப்பைக்கு இரண்டரைக் கிராம் போதும். ஆகவே ஒரு கிலோ 400 கோப்பையாகும். கோப்பை ஒன்றுக்கு இலைச்செலவு இரண்டரை ரூபாய். பாலில்லை; சர்க்கரையில்லை. சில இலைகளை மறுமுறையும் வடிக்கலாம். இக்கணக்கைப் பேராசிரியரிடம் காட்டினோம். கணிதத்தில் தமக்குத் தர்க்கமில்லை என்றும், சுவையில் உண்டென்றும் கூறினார்.

ஆதலின் கல்லூரி நிருவாகத்தார்க்கும் பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். இவ்வாண்டுப் பழைய மாணவர் கூட்டத்திற்கு நீலகிரிச் சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்திலோ, சிறு தோட்டக்காரர் ஒருவரிடமோ இரண்டு கிலோ இலை நேரில் வாங்குவோம். 800 கோப்பைக்கு அது போதும். வடிக்கும் வேலையை எம் குழுவினர் ஏற்றுக்கொள்கின்றனர். முதற் சனிக்கிழமையின் பிழை மீண்டும் நேராதென்று உறுதி கூறுகிறோம். வழக்கமான பெரிய பாத்திரமும், கூடலூர்ப் பாட்டியாரை ஒத்தவர்க்குச் சீனியும், அடுத்த மேசையிலேயே இருக்கும்.