தீவகம் தழைக்க வேண்டுமானால்

குறிகட்டுவான் இறங்குதுறையிலே சற்று நேரம் நின்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகேறும் பொருள்களுள் அரிசி உண்டு, மா உண்டு, சீமெந்து உண்டு. போத்தலில் அடைத்த தண்ணீரும் உண்டு. நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்துக்கு நீரையே ஏற்றிச் செல்லும் நிலை எவ்வாறு வந்தது? இயற்கை நம்மை வஞ்சித்ததா? அன்றி நாமே கைவிட்டோமா? இவ்வினாவுக்கு நேர்மையான விடை காணாமல் தீவகத்தின் பொருளாதார மறுமலர்ச்சி பற்றிப் பேசுவது மேடையலங்காரமாக முடியுமேயன்றி, மக்களுக்கு யாதொரு பயனும் தராது.

தீவகம் என்றுமே வறண்டு கிடந்த மூலையன்று. ஊர்காவற்றுறை பாய்க்கப்பல்கள் நங்கூரமிட்ட துறை. வேலணையும் புங்குடுதீவும் புகையிலையும் நெல்லும் விளைவித்த ஊர்கள். காரைநகரில் சீநோர் படகுத் தொழிலகம் 1960களின் பின்னர் நம் இளைஞர்க்கு வேலை தந்தது. தென்னிலங்கைப் பட்டினங்களிற் கடை வைத்துப் பேர் பெற்ற வணிகரை இத்தீவுகளே ஈன்றன. இன்றோ துறை ஓய்ந்துவிட்டது. தோட்டங்கள் பல பற்றைக்காடாயின. கதவடைத்த கல்வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1985 மே 15இல் குமுதினிப் படகிற் பாய்ந்த குருதியையும், 1990, 1991ஆம் ஆண்டுகளின் பெருந்தொகையான இடப்பெயர்வையும் மறந்து இவ்வழிவுக்குக் காரணம் கூற எவராலும் முடியாது. ஆயினும், யுத்தம் 2009இல் முடிந்த பின்னரும் போனவர்கள் ஏன் மீளவில்லை? மீண்ட சிலரும் ஏன் நிலைக்கவில்லை? கிணறு உவர்த்த ஊரிலே பயிரும் இல்லை, மாடும் இல்லை, பிள்ளை வளர்க்கும் தாய்க்கு நிம்மதியும் இல்லை என்பதே அதற்குரிய விடையிற் பெரும் பகுதியாகும்.

மழை பெய்யவில்லை என்பார் உளர். அது பிழை. ஆண்டு மழையின் பெரும் பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் நம்மீது கொட்டித் தீர்க்கிறது. ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றர் என்று குறைத்தே கணக்கிட்டாலும், ஓர் ஏக்கர் நிலத்தில் விழும் நீர் ஏறத்தாழ 40 இலட்சம் லீற்றர். 8,000 லீற்றர் கொள்ளும் பவுசர்களில் ஏற்றினால் அது 500 பவுசர் நீர்! ஒரேயொரு ஏக்கருக்கே இக்கணக்கு. இத்தனையும் வரம்பு உடைந்த வயல்களினூடாகவும், தூர்ந்த குளங்களின் மேலாகவும் சில நாள்களுக்குள் கடலைச் சேர்ந்துவிடுகிறது. மாரியிற் கடலுக்கு வார்த்துவிட்டுக் கோடையிற் பவுசருக்குக் காத்து நிற்கிறோம். இதற்கு வானத்தைக் குறை கூறுவது நியாயமாகுமா?

நம் நிலத்தின் இயல்பை ஒவ்வொரு கமக்காரனும் அறிந்திருத்தல் வேண்டும். தீவகத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் துளைகளிலும் வெடிப்புகளிலும் மழைநீர் இறங்கி, கனத்த கடல்நீரின்மேல் மெல்லிய வில்லையாக மிதந்து நிற்கிறது. நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும், வேலணைத்தீவுக்கு லைடன் என்றும் தம் நாட்டு நகர்ப் பெயர்களைச் சூட்டிச் சென்றவர் ஒல்லாந்தர். அந்த ஒல்லாந்து நாட்டுப் பொறியியலாளரான கைபன் என்பவரே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வில்லையின் விதியைக் கண்டார். 1901இல் ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் அதனை நிலைநாட்டினார். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பதே அவ்விதி. அதன் மறுபக்கமோ அச்சந்தருவது. இயந்திரம் பூட்டி இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், கீழிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழும்! துலாவால் இறைத்த காலத்தில் மனிதன் களைத்தான், கிணறு களைக்கவில்லை. இன்று இயந்திரம் களைப்பதில்லை. கிணறு மாண்டு போகிறது.

விதியின் பெயர் அறியாவிடினும் நம் முன்னோர் அதன் பொருளை அறிந்திருந்தனர். ஊருக்கு ஊர் குளம் வெட்டினர். கோயிலுக்குக் கேணியும், கால்நடைக்குத் துரவும் அமைத்தனர். வயலுக்கு உயர்ந்த வரம்பு கட்டினர். குளம் என்பது நீரைத் தேக்கும் பள்ளம் மட்டுமன்று. வில்லையை நிரப்பும் வாய் அது. அந்த வாயைத் தூர விட்டோம். சில இடங்களிற் குப்பை கொட்டி அடைத்தோம். வாயை அடைத்துவிட்டு வயிறு காய்கிறதென்று அழுவது அறிவுடையோர் செயலாகாது.

“விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது, கடல்நீரையே குடிநீராக்கலாமே” என்பர் சிலர். குடிப்பதற்கு ஆகட்டும், அதனை நாம் எதிர்க்கவில்லை. நெடுந்தீவில் உவர்நீரை நன்னீராக்கும் நிலையம் நிறுவப்பட்டது. 2024 ஆகஸ்டில் தாழையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரத்தக்க பெருநிலையம் திறக்கப்பட்டது. தாகத்தால் வாடுவோர்க்கு இவை வேண்டியவையே. ஆனால், மின்சாரத்தை விழுங்கி வரும் அந்நீரைக் கொண்டு வெங்காயம் நட முடியுமா? நெல் விதைக்க முடியுமா? நெடுந்தீவின் மாடுகளுக்கும், கோடைதோறும் நீரின்றி வாடும் அதன் குதிரைகளுக்கும் அதனை ஊற்றிக் கட்டுமா? குழாய்நீர் குடியிருப்பைக் காக்கும்; குளத்துநீரே குடித்தனத்தைக் காக்கும்.

பிறருடைய நீரிற் கண் வைக்கும் வழியும் நமக்கு வேண்டாம். இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். அவர்கள் கேட்டது நியாயமே. அவ்வெதிர்ப்பின் பின்னரே அரசாங்கம் கடல்நீரை நாடியது. யாழ்ப்பாணக் கடனீரேரிகளை நன்னீராக்கும் எண்ணமோ மிகப் பழையது. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் “யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு” என்னும் திட்டத்தை வகுத்தார். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. முழுத் திட்டமோ அந்தத் தலைமுறையின் கண்முன் நிறைவேறவில்லை. பெருந்திட்டங்களுக்குக் காத்திருந்தே தலைமுறைகள் கழிந்தன. சிறு குளத்தைத் தோண்டுவதற்கு எந்தத் தலைநகரின் உத்தரவுக்காகக் காத்திருக்கிறோம்?

சட்டம் நம் பக்கம் இல்லையென்றும் சோர வேண்டியதில்லை. சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், 2019 ஏப்பிரல் 4இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா ஈடு செலுத்துமாறு அக்கம்பனிக்குக் கட்டளையிட்டது. நிலத்தடி நீரைக் கெடுத்தவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்னும் நீதி அன்று நிலைபெற்றது. தீவகத்தில் நாளை எத்தொழில் எழுந்தாலும் இத்தீர்ப்பு அதன் வாசலில் எழுதப்பட வேண்டும்.

இனி நம் குற்றத்துக்கு வருவோம். சட்டத்தரணியாகிய என் மேசைக்கு ஓர் உறுதி வந்தது. தீவகத்திலுள்ள காணியொன்று, அதற்குள் ஒரு கேணி. “கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்” என்று பழைய உறுதிகளிற் காணும் அதே வாசகம். ஊரவர் தம் செலவிலே தூர்வார முன்வந்தனர். ஆனால், பிரிக்கப்படாத அக்காணிக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் கனடாவில், ஒருவர் சுவிற்சர்லாந்தில், இறந்தவரின் பிள்ளைகள் எங்கென்றே தெரியாது. கையொப்பம் கிடைக்கவில்லை. கேணி இன்னும் தூர்ந்தே கிடக்கிறது. இது அரசாங்கம் செய்த அநீதியா? அல்லவே! பாட்டன் வெட்டிய கேணியிற் பங்குரிமை மட்டும் நமக்கு வேண்டும், பொறுப்பு வேண்டாம் என்னும் மனப்பான்மையே அதனை மூடியது.

ஆகவே, செய்ய வேண்டியவற்றைத் திட்டமாகக் கூறுகின்றேன். முதலாவதாக, வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், நெடுந்தீவுப் பிரதேச சபைகள் தத்தம் எல்லையிலுள்ள குளம், கேணி, துரவு அனைத்தையும் எண்ணி, அளந்து, வரைபடத்திற் பதிந்து, அவற்றை நிரவுவதைத் தடுக்க வேண்டும். இரண்டாவதாக, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அமையும் கமக்காரர் அமைப்புகள் ஒவ்வொரு கோடையிலும் தூர்வாருதலைத் தம் கடமையாக ஏற்க வேண்டும். மூன்றாவதாக, வெளிநாட்டிலுள்ள பங்காளிகள் நீர்நிலைகளைப் பொறுத்த மட்டிலாவது ஊரிலுள்ள நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்க வேண்டும். காணியை விற்கும் அதிகாரம் வேண்டாம், கேணியைத் தோண்டும் அனுமதி போதும். நான்காவதாக, உவர் ஏறும் ஊர்களில் இறைப்புக்கு நேரமும் அளவும் ஊர்ச்சபையே வகுக்க வேண்டும். ஐந்தாவதாக, நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் பெற 2024 மார்ச்சில் இந்திய உதவியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அம்மின்சாரத்தின் ஒரு பகுதி மீனைப் பதப்படுத்தவும், பனம்பொருள்களைப் பக்குவஞ் செய்யவும், படகு திருத்தவும் கிடைக்குமாயின் இளைஞர் ஊரில் நிற்பர்.

“ஆளே இல்லாத தீவுக்குக் குளம் யாருக்கு?” என்று கேட்போர் உளர். அவர்களை நான் திருப்பிக் கேட்கிறேன்: நீரே இல்லாத தீவுக்கு ஆள் எப்படி வருவான்? மக்கள் வந்த பின் குளம் வெட்டிய ஊர் உலகில் அரிது. குளம் இருந்த இடத்திலேதான் ஊர் எழுந்தது. புலம்பெயர்ந்த நம் உறவுகள் கோயிற் கோபுரங்களுக்கு அள்ளிக் கொடுக்கின்றனர். அந்தப் பக்தியை நான் குறை கூறேன். ஆயினும், கோபுரத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாவிலும் பத்து ரூபாவை அக்கோயிலின் கேணிக்குக் கொடுங்கள் என்று கைகூப்பி வேண்டுகிறேன்.

அடுத்த மாரி நமக்காகக் காத்திராது. ஐப்பசியில் முதல் மழை விழுமுன் ஓர் ஊர், ஒரு குளம், ஒரு வரம்பு என்று தொடங்குவோம். தொடங்கிய ஊரின் கிணறுகளே பிற ஊர்களுக்குச் சாட்சி சொல்லட்டும்.