பொத்தானை அமுக்குகிறவர் கேட்டைப் பார்க்க வேண்டாமா?

நமது இதழில் பொங்கல் விழா, பட்டிமன்றம், ஊர் நினைவுகள் என்று எழுதுவதே வழக்கம். நான் இந்த முறை ஒரு வாசல் கேட்டைப் பற்றி எழுதுகிறேன். டிப்ளமோ முடித்த கையோடு தெற்கு ரயில்வேயின் சிக்னல் பிரிவில் சேர்ந்தேன். 2003-இல் பெங்களூரு கோட்டம் தென்மேற்கு ரயில்வேக்குப் போனபோது நானும் அதனுடன் போனேன். வேலையில் பாதிக்கு மேல் லெவல் கிராசிங் கேட்டுகளோடுதான் கழிந்தது. ஓய்வு பெற்றும் கேட்டை விடவில்லையே என்று வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

சந்தாபுராவில் எங்கள் தெருவில் பெரும்பாலும் முப்பதுக்கு நாற்பது மனைகள். பாதிக்குப் பாதி நம்மவர்கள். பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ வேலை. வெள்ளிக்கிழமை இரவு ஆனால் அத்திப்பள்ளி தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஊருக்குப் போவதும், ஞாயிறு நள்ளிரவில் திரும்புவதும் இங்கே ஒரு வாழ்க்கை முறை. இப்போது அதற்கென்றே பெரிய டூரிங் மோட்டார் சைக்கிள்கள் வந்துவிட்டன. என் மாப்பிள்ளையிடமும் ஒன்று இருக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரும்புப் பெட்டி, முன்னால் கண்ணாடித் தடுப்பு எல்லாம் சேர்ந்து இருநூறு கிலோவுக்கு மேல். அதைச் சரிவில் நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, இறங்கி, கையுறையைக் கழற்றி, கேட்டைத் தள்ளித் திறப்பது பெரிய வேலைதான். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு ஹாரன் சத்தம் கேட்டதும் முட்டி வலியோடு எழுந்து போய்க் கேட்டைத் திறப்பவள் என் மனைவி. "நீங்க எழுந்திரிக்காதீங்க அத்தை" என்று அவர் சொல்லுவார். இவள் கேட்கமாட்டாள். மாப்பிள்ளை வாசலில் நிற்கும்போது படுத்துக்கொண்டிருப்பது இவள் வளர்ந்த வழக்கத்தில் இல்லை.

இதற்காகத்தான் தள்ளு கேட்டுக்கு மோட்டார் போட்டோம். கேட் சுமார் முன்னூறு கிலோ. விற்றவர்கள் இரண்டு ரிமோட்டுக்கு மேல் இன்னும் இரண்டு இலவசமாகக் கொடுத்தார்கள். கேட்டின் குறுக்கே யாராவது நின்றால் கண்டுபிடிக்கும் போட்டோசெல் வேண்டுமா என்று மட்டும் கேட்கவில்லை. விலைப் பட்டியலின் கடைசி வரியில், "தேவைப்பட்டால்" என்று போட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். இது ஒரு கடையின் பழக்கம் மட்டும் அல்ல. எங்கள் தெருவில் மோட்டார் போட்ட ஐந்து வீடுகளில் ஒன்றில்தான் போட்டோசெல் இருந்தது. அதிலும் ஒரு பக்கம் வயர் அறுந்து கிடந்தது.

அடுத்து மாப்பிள்ளை கேட்டார்: "மாமா, ரிமோட்டை வண்டியிலேயே வெச்சுட முடியுமா? பாக்கெட்ல இருந்து எடுக்கவே ரெண்டு நிமிஷம் ஆகுது." அமெரிக்காவில் கார் ஷெட் கதவுக்கு இப்படி ஒரு கருவி விற்கிறார்கள், ஹெட்லைட்டை இரண்டு தடவை மின்னினால் கதவு திறந்துவிடும் என்றார். எனக்குக் கை அரித்தது. அப்படி ஒன்றை நான் வீட்டிலேயே செய்துவிட்டேன்.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சங்கத்து இளைஞர்களில் நான்கு பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும், அணைக்க முடியாது. ஆகையால் சாதாரண லைட் வயரில் ரிமோட்டைக் கோக்க முடியாது. இடது கையில் இருக்கும் பாஸ் சுவிட்சை அமுக்கினால் ஹைபீமுக்குப் போகும் வயரில்தான் கோக்க வேண்டும். வண்டியில் பன்னிரண்டு வோல்ட், ஓடும்போது பதினாலைத் தாண்டும். ரிமோட்டுக்குள் இருப்பது மூன்று வோல்ட் பட்டன் செல். நேராகக் கொடுத்தால் கருகிவிடும். எஸ்.பி. ரோட்டில் எல்.எம். 317 ரெகுலேட்டர் ஒன்று வாங்கி மூன்று வோல்ட்டாக இறக்கி, ரிமோட்டின் பொத்தானை நிரந்தரமாக அமுங்கியபடி ஷார்ட் செய்துவிட்டேன். பாஸ் சுவிட்சைத் தொட்டால் ரிமோட்டுக்குக் கரண்ட் வரும். வந்ததும் அது பேசும். ஒரு மாதம் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

முதல் கோளாறு ஏற்காடு போய் வந்த அன்று தெரிந்தது. வாசலில் வந்து மின்னினால் கேட் அசையவில்லை. இரண்டாவது தடவை மின்னியதும் திறந்தது. ஒவ்வொரு முறை ஊருக்குப் போய் வந்தாலும் இதே கதை. காரணம் பிறகு புரிந்தது. பழைய ரிமோட்டுகளில் எட்டுச் சிறு சுவிட்சுகளால் ஒரே எண்ணை வைத்திருப்பார்கள். மொத்தமே 256 எண்கள்தான், திருடன் ஒரு மாலைப் பொழுதில் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடலாம். புதிய வகையில் ஒவ்வொரு அமுக்கலுக்கும் எண் மாறும். கேட்டில் இருக்கும் பெட்டி அடுத்து வரக்கூடிய சில எண்களை எதிர்பார்த்துக் காத்திருக்கும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் அது பதினாறு எண்கள் வரை உடனே ஏற்கும். அதற்கு மேல் ரிமோட் முன்னால் ஓடிவிட்டால், அடுத்தடுத்து இரண்டு எண்கள் சரியாக வந்தால்தான் நம்பும். நம் மாப்பிள்ளை தொப்பூர் கணவாயில் லாரிகளைப் பார்த்து ஐம்பது தடவை மின்னியிருப்பார். ஒவ்வொரு மின்னலுக்கும் சந்தாபுரா கேட்டின் எண் ஒன்று செலவாகியிருக்கிறது!

இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது கோளாறுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சனிக்கிழமை அதிகாலை நாலரைக்கு அவர் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். வெளியே வந்து கேட்டைப் பார்த்து ஒரு மின்னு மின்னிவிட்டுப் போய்விட்டார். கேட் முக்கால்வாசி மூடி, தண்டவாளத்தில் கிடந்த ஒரு ஜல்லிக் கல்லில் இடித்து, யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்துத் திரும்பி முழுவதுமாகத் திறந்துகொண்டது. ஆறரைக்குப் பால்காரர் மணி அடிக்கும் வரை இரண்டு கிழங்கள் திறந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது, எதிர் வீட்டுக் கன்னடக் குடும்பத்துக் குழந்தை. ஆறு வயது. ஒரு ஞாயிறு மாலை பந்து எங்கள் வாசலுக்குள் உருண்டது, எடுக்க ஓடி வந்தாள். கேட் திறந்திருந்தது. தெருமுனையில் திரும்பிய மாப்பிள்ளை எதிரே வந்த ஆட்டோவுக்கு வழி கேட்டு மின்னினார். எங்கள் ரிமோட்டில் ஒரே பொத்தான். திறந்திருந்தால் மூடும், மூடியிருந்தால் திறக்கும். கேட் நகர ஆரம்பித்தது. நான் திண்ணையிலிருந்து கத்திக்கொண்டு ஓடுவதற்குள் குழந்தையின் தோளைத் தூணோடு அமுக்கிவிட்டது. பிறகு தானே பின்வாங்கியது. கன்றிப் போன தோள்தான், எலும்புக்கு ஒன்றுமில்லை. அந்தப் பாட்டி எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் நான் கற்றதெல்லாம் எங்கே போயிற்று? எங்கள் துறையின் ரிலேக்களில் கரண்ட் போனால் உள்ளே இருக்கும் ஆர்மெச்சூர் தன் எடையாலேயே கீழே விழும், சிக்னல் சிவப்பாகும். தொடும் முனைகளில் ஒன்று உலோகம், மற்றது கார்பன், ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. எது கெட்டாலும் ஆபத்தில்லாத பக்கமாகக் கெட வேண்டும். அதற்கும் மேலே ஒன்று: கட்டளை கொடுத்தேன் என்பதை நாங்கள் ஏற்பதே இல்லை. நடந்ததா என்று நிரூபணம் வேண்டும். இன்டர்லாக் செய்த லெவல் கிராசிங்கில் கேட் மூடிப் பூட்டிய பிறகுதான் சாவி கழன்று வரும், சாவி வந்தால்தான் சிக்னல் இறங்கும். இன்டர்லாக் இல்லாத கேட்டில் ஸ்டேஷன் மாஸ்டரும் கேட்மேனும் தொலைபேசியில் ரகசிய எண் பரிமாறிக்கொள்வார்கள். மூடிவிட்டேன் என்ற வாய்ச்சொல்தான் சாட்சி. சிக்னலுக்குக் கண் இல்லை.

2025 ஜூலை 8-ஆம் தேதி கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்ததை நாம் எல்லோரும் படித்தோம். அது இன்டர்லாக் செய்யப்படாத கேட். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இதே திண்ணையில் உட்கார்ந்து ஆவேசமாகப் பேசியவன் நான். பேசிவிட்டு என் வீட்டு வாசலில், பார்க்காமல் மூடும் ஒரு கேட்டை நானே செய்து வைத்திருந்தேன்.

அமெரிக்கக் கருவியைப் பற்றிச் சொல்கிறவர்கள் அந்த நாட்டின் இன்னொரு விஷயத்தைச் சொல்வதில்லை. அங்கே கார் ஷெட் கதவுக்கு அடியில் மாட்டிக் குழந்தைகள் இறந்ததால் 1990-இல் சட்டம் கொண்டு வந்தார்கள். 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்கள் எல்லாம், இடித்தால் திரும்புவதோடு நில்லாமல், ஒளிக்கற்றை போன்ற இரண்டாவது பாதுகாப்பு ஒன்றையும் கொண்டிருக்க வேண்டும். அல்லது கையை எடுத்தால் மூடுவது நின்றுவிட வேண்டும். அந்தப் பாதுகாப்புக்குப் பின்னால்தான் ஹெட்லைட் வித்தை வந்தது. நாம் வித்தையை மட்டும் இறக்குமதி செய்கிறோம். இடித்த பிறகு பின்வாங்கும் மோட்டார் நல்லதுதான், ஆனால் அது இடித்த பிறகுதானே தெரிந்துகொள்கிறது?

ஆகவே என் கருத்து இது. மோட்டார் சைக்கிளில் ரிமோட் வைப்பது தவறில்லை. வயதானவர்களை நடு இரவில் எழுப்பாமல் இருக்க அது நல்ல ஏற்பாடே. ஆனால் பணத்தை முதலில் கேட்டில் போடுங்கள், பிறகு வண்டியில். போட்டோசெல் இல்லாத கேட்டுக்கு வண்டியில் ரிமோட் வைத்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் யாரும் வர வேண்டாம். மாட்டேன். லைட்டோடும் ஹாரனோடும் கேட்டைக் கட்டவே கூடாது. ஒரு பொத்தானுக்கு ஒரு வேலை.

நான் மாற்றியது இப்படி. கேட்டுக்கு இரண்டு ஜோடி போட்டோசெல், ஒன்று குழந்தையின் முழங்கால் உயரத்தில், ஒன்று வண்டி உயரத்தில். வண்டியில் ரெகுலேட்டரைப் பிடுங்கிவிட்டேன். ரிமோட் தன் பட்டன் செல்லிலேயே இருக்கிறது. அதன் பொத்தானின் இரு கால்களுக்கும் குறுக்கே ஒரு சின்ன ரிலேயின் முனைகள். ரிலேக்குக் கரண்ட் சாவி போட்டால் மட்டும் வரும் வயரிலிருந்து, இரண்டு ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக, ஹேண்டில்பாரில் உள்ள தனிப் பொத்தானுக்கு. டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் யாரும் அதைத் தொட்டு என் வீட்டைத் திறக்க முடியாது. ரிமோட்டை இரும்புப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், அலை வெளியே வராது. ஹெட்லைட் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், மழை படாமல் ரப்பர் உறையில் வைத்திருக்கிறேன். கேட் பெட்டியின் செட்டிங்கில் இந்த ரிமோட்டைத் திறப்பதற்கு மட்டும் என்று மாற்ற முடிந்தது. மூட வேண்டுமானால் பாக்கெட் ரிமோட்டை எடுத்து, நின்று, பார்த்து மூட வேண்டும்.

மாப்பிள்ளைக்கு இதில் வருத்தம்தான். "அப்போ மறுபடியும் கையுறையைக் கழட்டணுமா மாமா?" என்றார். போகும்போது மட்டும்தானே, கழற்றுங்கள் என்றேன். மகள் என் பக்கம் பேசினாள், அது அபூர்வம்.

கடைசியாக ஒன்று சேர்த்தேன். கேட் முழுவதும் மூடித் தூணைத் தொட்டால் மட்டும் இணையும் ஒரு காந்த சுவிட்ச். அதில் இரண்டு சிறு பச்சை விளக்குகள், ஒன்று தெருவைப் பார்த்து, ஒன்று எங்கள் படுக்கையறைச் சுவரில். மூடாவிட்டால் எரியாது, வயர் அறுந்தாலும் எரியாது. ஞாயிறு இரவு இப்போது என் மனைவி எழுந்து போவதில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்க்கிறாள். பச்சை அணைகிறது. சிறிது நேரம் கழித்து மறுபடி எரிகிறது. "வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.