பக்கத்தில் வைத்தால் மட்டும் போதுமா?



இணையப் பக்கம் திறக்காமல் வட்டம் சுத்திக்கிட்டே இருந்தால் உடனே "டவர் இல்லை" என்று போனைத் தூக்கிப் பிடிக்கிறோம். எல்லா நேரமும் தப்பு டவர் மேல் இல்லை. தூரமும் ஒரு காரணம்.

அந்தப் பக்கம் இருக்கிற சர்வர் நியூயார்க்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து நேர்கோட்டில் போனாலே சுமார் 13,500 கி.மீ. கண்ணாடி இழை கேபிளில் ஒளி வினாடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு தடவை போய் வர 0.13 வினாடிக்கு மேல் ஆகும். இவ்வளவுதானா என்று நினைக்காதீங்க. முதல் எழுத்து தெரிவதற்கு முன்னாடியே போனும் சர்வரும் மூணு நாலு தடவை பேசிக்கணும். அப்புறம்தான் படமெல்லாம் வரும்.

இதற்கு வழிதான் கன்டென்ட் டெலிவரி நெட்வொர்க், சுருக்கமாக சி.டி.என். ரேஷன் கடை மாதிரி. அரிசி வாங்க நாம் குடோனுக்குப் போவதில்லை, ஊர்க் கடைக்குத்தான் போகிறோம். அதுபோல பக்கத்தின் நகலை பல நகரங்களில் வைத்து, நமக்குக் கிட்ட இருப்பதிலிருந்து தருகிறார்கள். இணைய நெரிசலைத் தீர்க்க வழி வேண்டும் என்று 1995-ல் டிம் பெர்னர்ஸ் லீ அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கேட்டார். கணிதப் பேராசிரியர் டாம் லெய்டனும் மாணவர் டேனியல் லெவினும் கணக்கில் வழி கண்டுபிடித்து 1998-ல் அகமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். (லெவின் 2001 செப்டம்பர் 11 விமானத் தாக்குதலில் இறந்துவிட்டார். வயது 31தான். பாவம்.)

நல்ல ஏற்பாடுதான். ஆனா சி.டி.என். போட்டுட்டா போதும், பக்கம் பறக்கும் என்பதை நான் ஒத்துக்க மாட்டேன். கடை பக்கத்தில் வந்தாலும் மூட்டையின் எடை குறையாது. 5 எம்.பி. படம் சென்னையிலிருந்து வந்தாலும் 5 எம்.பி.தான். நம்ம டேட்டாதான் தீரும்.

எங்க வீட்டில் ஒரே போன். அப்பா வேலை முடிந்து எட்டு மணிக்கு வந்த பிறகு எனக்கு அரை மணி, தம்பிக்கு அரை மணி. ஒரு உதவித்தொகை பக்கத்தைத் திறந்தேன். மேலே விழா மேடைப் படங்கள் நாலு, ஒவ்வொன்றாக இறங்குது. கடைசி தேதி அடியில் இருக்கு. அது வருவதற்குள் தம்பி முறை வந்துவிட்டது! படிக்கிறவங்க தேதியைத்தானே தேடுவாங்க?

எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தை நம்பி வைப்பதும் சரியில்லை. 2021 ஜூன் 8-ல் ஃபாஸ்ட்லி என்ற சி.டி.என். பழுதானபோது, பெரிய பெரிய செய்தித் தளங்களே சுமார் ஒரு மணி நேரம் திறக்கவில்லை.

அதனால் முதலில் படத்தைச் சுருக்கணும், பிறகு சி.டி.என். பற்றி யோசிக்கலாம். கேமராவில் எடுத்த படம் 4,000 புள்ளி அகலம் இருக்கும். நம்ம போன் திரைக்கு 1,000 புள்ளி தாராளம். ஆண்டு விழாப் படங்களை இணையத்தில் ஏற்றும்போது இதை நம் கணினி ஆசிரியர் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சுருக்கித் தரும் வேலையை 9-ஆம் வகுப்பு மாணவிகள் செய்யத் தயார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி