சுகர் கால் புண்ணுக்கு ஆக்சிஜன் பெட்டி: நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

1/ "கால் புண்ணு ஆறல டாக்டர். ஆக்சிஜன் பெட்டிக்குள்ள 40 சிட்டிங் படுத்தா காலை எடுக்க வேண்டாமாம். நகையை வச்சுடலாமா?" ஓ.பி.யில அடிக்கடி கேட்கிற கேள்வி. அதுக்குத்தான் இந்த த்ரெட்.

2/ இது போலி வைத்தியம் இல்ல. பேரு ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன். சாதாரண காத்தழுத்தத்தைப் போல 2 முதல் 2.5 மடங்கு அழுத்தத்துல சுத்தமான ஆக்சிஜன் கொடுப்பாங்க. கார்பன் மோனாக்சைடு விஷத்துக்கும், ஆழ்கடல்ல இருந்து சட்டுனு மேல வர்றவங்களுக்கும் கொடுக்கிற சிகிச்சை. என் சண்டை பெட்டியோட இல்ல, "காலைக் காப்பாத்தும்"ங்கிற வாக்குறுதியோட.

3/ ஆதரிக்கிறவங்க காட்டுறது 2010 சுவீடன் ஆய்வு. 94 பேர். ஒரு வருஷத்துல புண் ஆறினது பெட்டியில 52%, மத்தவங்களுக்கு 29%. நல்ல ரிசல்ட்தான்.

4/ ஆனா 2016ல கனடாவுல 103 பேர்: வித்தியாசமே இல்ல. 2018ல நெதர்லாந்துல, ரத்த ஓட்டம் குறைஞ்ச 120 பேர்: கால் தப்பினதுல தெளிவான வித்தியாசம் இல்ல. பெட்டிக்குப் போனவங்கள்ல மூணுல ஒரு பங்கு பேரால கோர்ஸையே முடிக்க முடியல. இதையும் சேர்த்துச் சொல்லணுமா இல்லையா?

5/ ஏன் இப்படி? உள்ளங்கால் புண் ஆறாததுக்குப் பெரிய காரணம் மிதி. நரம்பு மரத்துப்போய் வலி தெரியல. அதே இடத்தை ஊனி நடக்கிறாங்க. ஒன்றரை மணி நேரம் ஆக்சிஜன், மிச்ச நேரம் புண்ணு மேல உடம்போட மொத்த எடை. எப்படி ஆறும்?

6/ இதுக்கு மருந்து நம்ம ஊர்லயே இருக்கு: மாவுக்கட்டு. வேலூர் சி.எம்.சி.யில தொழுநோயாளிகளோட மரத்துப்போன காலுக்கு இப்படிக் கட்டு போட்டவர் டாக்டர் பால் பிராண்ட். 1960கள்ல அமெரிக்கா போய் அங்கயும் பரப்பினார். சீழ் இல்லாத, ரத்த ஓட்டம் உள்ள உள்ளங்கால் புண்ணுக்கு, கழட்ட முடியாத கட்டுதான் முதல் தேர்வுன்னு சர்வதேச வழிகாட்டியே சொல்லுது.

7/ பணம் கட்டுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க:
• காலுக்கு டாப்ளர் பார்த்தாச்சா? அடைப்பு இருந்தா சரி பண்ண முடியுமா?
• எலும்புல சீழ் இருக்கா?
• அழுகின சதையைச் சுத்தம் பண்ணியாச்சா?
• மிதி படாம இருக்க கட்டோ ஸ்பெஷல் செருப்போ கொடுத்தீங்களா?
நாலுக்கும் பதில் இல்லைன்னா பெட்டியைப் பத்திப் பேசவே வேண்டாம்.

8/ இதெல்லாம் செஞ்சும் ஆறாத, ரத்த ஓட்டம் குறைஞ்ச சில கால்களுக்குக் கூடுதலா முயற்சி பண்ணலாம். அதுதான் அதோட இடம். காது வலி வரலாம், சுகர் இறங்கலாம், அபூர்வமா வலிப்பும் வரலாம்.

9/ எங்க பக்கமும் கேட்கணும். டிரெஸ்ஸிங் மாத்தி அனுப்புறது வைத்தியம் இல்ல. அரசு ஆஸ்பத்திரியில கால் புண்ணுக்கு மாவுக்கட்டு போட ஆளும் நேரமும் ஒதுக்காத வரைக்கும், ஜனங்க அடகுக் கடைக்குத்தான் போவாங்க.

10/ வீட்ல சுகர் உள்ள அப்பா, அம்மா இருக்காங்களா? இன்னிக்கு ராத்திரி அவங்க உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க. வலிக்கலைன்னு அவங்க சொல்றதை நம்பாதீங்க. வலிக்காததுதான் நோயே.