எண்ணுள்ள வீதியும் எண்ணில்லா ஒழுங்கையும்

முத்திரை சேர்ப்போரை நாம் அறிவோம். பழைய நாணயம் சேர்ப்போரையும் அறிவோம். நெடுஞ்சாலைகளையும் அவற்றுக்கு இடப்பட்ட எண்களையும் ஆராய்வதையே பொழுதுபோக்காகக் கொண்டவர் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பலர் உளர் என்றால் நம்மவர் சிலர் நகைக்கக்கூடும். நாம் நகைக்கவில்லை. வீதியின் எண்ணைப் படிக்கத் தெரிந்தவன், அதனை ஆள்பவர் யார், செப்பனிட வேண்டியவர் யார், எவரிடம் மனுக் கொடுத்தாற் பலிக்கும் என்பவற்றையும் படிக்கத் தெரிந்தவனாகிறான். குடாநாட்டுக் கமக்காரனுக்கு இவ்வறிவு மிகவும் வேண்டியதாகும்.

எழுத்தையும் எண்ணையும் சேர்த்து வீதிக்கு வழங்கும் முறை பிரித்தானியாவில் 1920களில் வகுக்கப்பட்டது. இலண்டனை நடுவாகக் கொண்டு 1 முதல் 6 வரையும், எடின்பரோவை நடுவாகக் கொண்டு 7, 8, 9 என்பனவும் இடப்பட்டன. அங்கும் ஏ-9 என்பது நாட்டின் வடகோடிக்கு ஓடும் வீதியே என்பது வேடிக்கையான ஒற்றுமை. இந்தியா 2010ஆம் ஆண்டில் தன் தேசிய நெடுஞ்சாலைகள் அனைத்துக்கும் எண்களை மாற்றியது. வடக்குத் தெற்காகச் செல்வனவற்றுக்கு இரட்டை எண், கிழக்கு மேற்காகச் செல்வனவற்றுக்கு ஒற்றை எண் என்று விதி செய்தார்கள். குமரிமுனையிலிருந்து புறப்படுபவன் 44 என்ற ஒரே எண்ணைப் பின்பற்றி ஸ்ரீநகர் போய்ச் சேரலாம்.

இங்கே நிலைமை எப்படி? கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு ஏ-4 என்ற ஓரெண்ணிலேயே செல்லலாம். யாழ்ப்பாணத்துக்கோ, புத்தளம் வழியாக வருபவன் ஏ-3, ஏ-12, ஏ-20, ஏ-9 என நான்கு எண்களைக் கடந்தாக வேண்டும். இதிலே வஞ்சனை உண்டென்று நாம் சொல்லவில்லை. ஏ-9 கண்டியிலிருந்து புறப்படும் வீதி. ஏறக்குறைய 321 கிலோமீற்றர் நீளமானது. யாழ்ப்பாணத்தில் அதனைக் கண்டி வீதி என்றே அழைக்கிறோம். 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மூடி, 2009இல் மீண்டும் திறந்த பாதை அது. வேறெந்த வீதி எண்ணும் நம் மக்கள் நாவில் இவ்வளவு கவலையோடு வழங்கியதில்லை.

ஆனையிறவையே முதன்மைத் தரைவழியாகக் கொண்டிருந்த குடாநாட்டுக்கு இன்னொரு வாயில் ஏ-32. நாவற்குழியில் தொடங்கிக் கேரதீவு, பூநகரி வழியாக மன்னாருக்குப் போகும் இவ்வீதியின் நடுவே கடல்நீரேரி குறுக்கிட்டது. நம்மவர் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் ஏறித்தான் ஒரு காலத்தில் அதனைக் கடந்தார்கள். சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட பின்னரே இந்த எண் முழு வீதியாயிற்று.

எண் இருந்தும் வீதி இல்லாதிருந்த கதை பலாலியில் இன்னும் கொடியது. காங்கேசன்துறை வீதி ஏபி-16, பலாலி வீதி ஏபி-18, பருத்தித்துறை வீதி ஏபி-20 என்பது ஏட்டுக் கணக்கு. ஏட்டிலே பலாலி வீதி பலாலி வரை செல்கிறது. ஆனால் 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பின்னர், நம் காலடியில் அது வசாவிளானோடு முடிந்துவிட்டது. அப்பால் உயர் பாதுகாப்பு வலயம். அத்துண்டு 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோதும், காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மாத்திரமே செல்லலாம், இடையில் வாகனத்தை நிறுத்தலாகாது, நடந்து போகலாகாது என்ற நிபந்தனைகளோடே திறக்கப்பட்டது. தன் காணிக்குப் போகும் வீதியிலே தன் காலால் நடக்கக் கூடாதென்றால் அதற்கு வீதி என்ற பெயர் பொருந்துமா? வீதியைப் பற்றிய ஆராய்ச்சி எண்ணோடு நின்றுவிட்டால் இத்தகைய கேள்வி எழுவதில்லை.

இனி, எழுத்தின் பொருளைப் பார்ப்போம். ஏ, பி வகை வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி வகை வீதிகள் மாகாணத்துக்குரியவை. ஏனைய வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர, நகர, பிரதேச சபைகளின் பொறுப்பு. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. மக்கள் தெரிந்தெடுத்த ஓர் உறுப்பினரும் இல்லாத சபைக்குரிய வீதியின் பள்ளத்தைப் பற்றி எவரிடம் முறையிடுவது? மத்தி கைவிரிக்கும்: "அது எங்கள் வீதியன்று." அந்தச் சொல் உண்மையுங்கூட. இந்த ஓர் எழுத்தைச் சரிபாராமல், பொருந்தாத கந்தோருக்கு மனு எழுதி அலைந்தவர்களை நாம் அறிவோம்.

வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் முதலில் ஏறும் இடம் ஏ-9 அன்று, தோட்டத்தருகே கிடக்கும் எண்ணில்லாத ஒழுங்கை. மாரியில் உழவு இயந்திரம் அங்கே புதையும். பெருவீதியை உயர்த்திப் போட்டு மதகைச் சிறிதாக விட்டால் வெள்ளம் ஒழுங்கைக்கும் வயலுக்கும் திரும்பும். பெருவீதியின் ஒவ்வொரு மதகுக்கும் கிலோமீற்றர்க் கணக்கில் எண் உண்டு. ஒழுங்கைக்கோ பல ஊர்களில் எழுதிவைத்த பெயரே கிடையாது.

ஆகையால் நம் இளைஞர் சிலராவது இப்பொழுதுபோக்கைக் கைக்கொள்ள வேண்டுமென்று கேட்கிறோம். ஒரு குறிப்பேடும் ஓர் அளவு நாடாவும் துவிச்சக்கர வண்டியும் போதும். ஓய்வுபெற்ற நில அளவையாளரும் பொறியியலாளரும் ஊருக்கொருவர் துணைநிற்கட்டும். ஒழுங்கை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அகலம் என்ன, மதகு எத்தனை, மழைநீர் எந்தக் குளத்துக்குப் போகிறது, ஊரார் அழைக்கும் பெயர் என்ன என்பவற்றை எழுதட்டும். உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே மாதம் நடைபெற்றது. பிரதேச சபைகளில் நாம் தெரிந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை அவர்கள் ஆண்டிறுதியிலேதான் விவாதிப்பார்கள். அந்தக் குறிப்பேடு அதற்கு முன்னர் தவிசாளரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.