"உது பிளாஸ்ரிக் தம்பி, மாத்துங்கோ"

யாழ்ப்பாணத்தில் கார் பற்றிக் கதை தொடங்கினால் அது எப்படியும் 1990களுக்குப் போய் நிற்கும். பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லாத காலம், மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிஜும் மண்ணெண்ணெயில் ஓடின கதை. கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவார்கள். அந்தப் பழைய எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவு, காபரேற்றரும் எளிமையானது. அதனால்தான் அது சரிவந்தது. புகையும் மணமும் தனிக்கதை. கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பாடமாகிவிட்டது என்றாலும் உண்மையில் பெருமைப்பட வேண்டிய கதைதான். கடையில் சாமான் இல்லாதபோது ஒரு ஊரே சாமானைப் பற்றி யோசிக்கப் பழகியிருக்கிறது.

எனக்குள்ள கேள்வி வேறை. அதே ஊரில் இன்றைக்கு ஒரு விற்ஸையோ வாகன்-ஆரையோ கராஜுக்குக் கொண்டுபோய், ஏசி காத்து வாற இடத்துச் சட்டம் வெடிச்சிருக்கு, கதவுப் பலகையின் கொளுக்கி உடைஞ்சிருக்கு என்று காட்டிப் பாருங்கள். பத்துக்கு எட்டு இடத்தில் ஒரே பதில்: "உது பிளாஸ்ரிக் தம்பி, மாத்துங்கோ." எஞ்சினை இறக்கிப் பிரித்துக் கட்டுகிற மனிசன், நெளிந்த கதவைத் தட்டி வடிவாக எடுக்கிற மனிசன், ஒரு சாண் நீள வெடிப்பைப் பார்த்துக் கையை விரிக்கிறார். இதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். எங்களுடைய திருத்துகிற கை இரும்பில் பழகின கை. மொறிஸ் மைனரின் டாஷ்போர்ட் தகரம். அதைத் தட்டலாம், ஒட்டு வைக்கலாம், பெயின்ற் அடிக்கலாம். பிளாஸ்ரிக் வந்தபோது அதோடு சேர்ந்து வந்தது "கழற்றி எறி" என்ற எண்ணம் மட்டும்தான்.

ஆனால் பிளாஸ்ரிக்கும் திருத்துகிற சாமான்தான். இரும்பு மாதிரி இல்லை, அதற்கென்று வேறு அறிவு வேணும். முதல் அறிவு, அந்தத் துண்டைக் கழற்றித் திருப்பிப் பார்ப்பது. பின்பக்கத்தில் அது என்ன பிளாஸ்ரிக் என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். ஏபிஎஸ் என்றிருந்தால் அதிர்ஷ்டம். அது அசிற்றோனில் கரையும். அதே வகைப் பழைய துண்டொன்றை நொறுக்கி அசிற்றோனில் ஊறவிட்டால் களிமாதிரி வரும், அதை வெடிப்புக்குள் வைத்தால் ஒட்டாக நிற்காமல் துண்டோடு துண்டாகக் கலந்து இறுகும். பிபி என்றிருந்தால் கதை மாறும். பொலிபுறொப்பிலீன் அசிற்றோனுக்கு அசையாது, சூப்பர் குளூவும் அதில் பிடிக்காது. அதைச் சூடாக்கி உருக்கித்தான் சேர்க்க வேணும். சோல்டரிங் அயன், பின்பக்கத்தில் பதிக்க ஒரு துண்டு மெல்லிய எவர்சில்வர் வலை, நிரப்ப அதே பிபியில் ஒரு கீற்று. அவ்வளவுதான் சாமான். ஒரு சிகரட் லைற்றரை விடக் கொஞ்சம் கூடச் செலவு, மிச்சமெல்லாம் பொறுமை.

எதைச் செய்தாலும் முதலில் வெடிப்பின் நுனியில் மிகச்சிறிய துளை ஒன்று போட வேண்டும். போடாவிட்டால் ஒட்டினதற்கு அப்பாலும் வெடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். சூப்பர் குளூவின் மேலே அப்பச்சோடா தூவினால் கல்லுப்போல இறுகும் என்பது பலருக்கும் தெரியும். சின்ன ஓட்டைக்கு அது காணும். வளைகிற இடத்தில் வைத்தால் முதல் குழியிலேயே கழரும், எங்கட றோட்டில் குழிக்குக் குறைவில்லை.

ஏன் இவ்வளவு வெடிக்குது? வெயில். அமெரிக்காவின் அரிசோனாவில் 2018இல் வெளிவந்த ஒரு ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணித்தியாலம் நிறுத்தின கார்களின் டாஷ்போர்ட் சராசரியாக 69 பாகை செல்சியஸுக்குப் போனது, நிழலில் நின்றவற்றில் 48. யாழ்ப்பாணம் அரிசோனா இல்லைத்தான், ஆனால் ஆஸ்பத்திரி றோட்டில் மத்தியானம் நிறுத்திவிட்டுத் திரும்பிவந்து ஸ்ரியரிங்கைத் தொட்டவருக்கு விளக்கம் தேவையில்லை. அந்தச் சூடும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து ஏபிஎஸ்ஸுக்குள் இருக்கிற றப்பர்ப் பகுதியைக் கெடுக்கும். தோல்போல மேலே மூடியிருக்கிற பிவிசி, தன்னை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெயை மெல்ல மெல்ல இழக்கும். கண்ணாடியின் உள்பக்கத்தில் துடைக்கத் துடைக்கப் படிகிற மங்கலில் ஒரு பங்கு இதுதான்.

இதனால்தான் "மாத்துங்கோ" என்ற பதில் பாதிதான் சரி. மாத்தக் கிடைக்கிறது பெரும்பாலும் புதுச் சாமான் இல்லை, வேறொரு வாகனத்தில் கழற்றினது. ஜப்பானிலிருந்து வந்த துண்டென்றால் வெயில் குறைவாய்ப் பட்டிருக்கும். இங்கேயே பத்து வருசம் ஓடின வாகனத்தில் கழற்றினதென்றால், உங்கட துண்டு வெடித்த அதே காரணம் அதற்குள்ளும் இருக்கிறது. அதற்குக் காசு கொடுத்து வாங்கிப் பூட்டுகிறோம்.

இதை இப்ப எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்தில். அதனால் இருக்கிற வாகனம்தான் வாகனம். ஹையர் ஓடுகிற ஒருவருக்கு அவரது வானின் உள்பக்கம் அவருடைய கடை முகப்பு மாதிரி. கலியாணத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் ரயரைப் பார்ப்பதில்லை, உள்ளே ஏறிச் சுற்றிப் பார்க்கிறார்கள். அவர்களில் பலர் செய்வது, வெடிப்புக்கு மேலே ஒரு காப்பற் விரிப்பை வெட்டிப் போட்டுவிடுவது. இல்லாவிட்டால் பளபளக்கிற சிலிக்கோன் பொலிஷ்.

பொலிஷைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். அது இறங்கின பிளாஸ்ரிக்கில் பிறகு பெயின்ற் நிற்காது, மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். சவர்க்காரத் தண்ணியால் கழுவி, அற்ககோலால் துடைத்து, பிறகு மட்டத்தாள் போட்டு, பிளாஸ்ரிக்குக்கான பிறைமர் அடித்து, அதன்பிறகுதான் நிறம். பிபி என்றால் பெயின்ற் பிடிக்க வைக்கிற தனி பூச்சொன்று அதற்கும் முதல் வேணும். மெல்லிய பூச்சாய் மூன்று நாலு தரம். நிறம் மினுங்கக்கூடாது, மட் ஆகத்தான் இருக்க வேணும். மினுங்குகிற டாஷ்போர்ட் மத்தியான வெயிலில் முன்கண்ணாடியில் விழுந்து எதிரே வாற சைக்கிளை மறைக்கும். "புதுசு மாதிரி பளிச்செண்டு இருக்கு" என்று பாராட்டு வாங்கின வேலைகளில் பாதி இந்தக் காரணத்தால் கெட்ட வேலை.

கராஜ்காரரின் பக்கமும் உண்டு. இந்த வேலைக்கு ஒரு நாள் போகும். ஒரு நாள் கூலியைக் கேட்டால் நாங்கள் "ஒரு பிளாஸ்ரிக் துண்டுக்கோ இவ்வளவு?" என்போம். எஞ்சினுக்குக் கேட்டால் பேசாமல் கொடுக்கிறோம். தடைக்காலத்து மெக்கானிக்கைப் பற்றிப் பெருமையாய் எழுதுகிற நாங்கள் இன்றைக்கிருக்கிற மெக்கானிக்கிடம் பேரம் பேசுகிறோம் என்பதுதான் எனக்குள்ள கோபம். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு பெயின்ற் அடிக்கிற பொடியனையும் பார்த்திருப்பீர்கள். ஹாட்னர் கலக்கிற பெயின்றில் இருக்கிற ஐசோசயனேற் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், அதைக் கைக்குட்டை மறிக்காது. கூலியைக் குறைக்கக் குறைக்க முதலில் இல்லாமல் போவது அந்தப் பொடியனின் முகமூடி. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் வாகனத் தொழில் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்ரிக் ஒட்டுவதும் அவர்கள் கையில் ஒரு தொழிலாக வரவேண்டும், சம்பளத்தோடும் முகமூடியோடும்.

"ஒட்டினது ஒட்டினதுதான், விக்கேக்க விலை போகாது" என்பார்கள். போகட்டுமே. ஒட்டினதைச் சொல்லி விற்கலாம். பின்பக்கம் வலை பதித்து உருக்கிச் சேர்த்த இடம் பழைய இடத்தைவிடப் பலமாகக்கூட இருக்கும். காப்பற் விரிப்புக்குக் கீழே ஒளித்து விற்பதுதான் வெட்கம்.

ஒரேயொரு இடத்தில் மட்டும் "மாத்துங்கோ" என்ற சொல்லுக்கு நான் முழுதாய்த் தலையாட்டுவேன். எயார்பாக் மூடி. ஸ்ரியரிங்கின் நடுவிலும், இடது ஆசனத்துக்கு முன்னாலும், அந்த மூடி குறித்த கோட்டில் கிழிந்து திறக்கும்படி அளந்து செய்யப்பட்டது. அந்தக் கோட்டை நிரப்பி மட்டத்தாள் போட்டுப் பெயின்ற் அடித்தால் பார்க்க வடிவாயிருக்கும், விபத்தில் எப்படித் திறக்கும் என்று ஒருவரும் சொல்லேலாது. விபத்தில் விரிந்த எயார்பாக்கை அகற்றி, மூடியை மட்டும் ஒட்டிப் பூசி விற்கிற மோசடியும் உலகத்தில் பல இடத்தில் பிடிபட்டிருக்கிறது. அதோடு ரக்காட்டா என்ற ஜப்பான் நிறுவனத்தின் எயார்பாக்குகள், வருசக்கணக்கில் சூட்டிலும் ஈரப்பதனிலும் இருந்தால் விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறவிடும் என்று தெரிந்து, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் திருப்பி அழைக்கப்பட்டன. அந்த நிறுவனம் 2017இல் வங்குரோத்தானது. சூடும் ஈரப்பதனும் என்றால் எங்கட காலநிலைதான். பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவர்கள் சேசிஸ் நம்பரைக் கொடுத்து அந்தந்தக் கம்பனியின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

அந்த மூடிக்கு மேலே காப்பற் விரிப்பும் வேண்டாம். டபிள் ரேப்பில் ஒட்டின பிள்ளையாரையும் மாதாவையும் ஒரு சாண் நடுவுக்கு நகர்த்தி வையுங்கோ. எயார்பாக் விரிகிற வேகத்தில் பிள்ளையார் நேரே இடதுபக்கம் இருக்கிறவரின் முகத்துக்குத்தான் வருவார்.