பரிசு இல்லாத ஒரு குதிரைப் போட்டி

ஆடி பிறந்துவிட்டால் எனக்கு அந்தியூர் ஞாபகம் வந்துவிடும். பள்ளிபாளையத்திலிருந்து ஆற்றைத் தாண்டி ஈரோடு, பவானி வழியாகப் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவையும், அதையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தையையும் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திப்பு சுல்தான் காலத்திலேயே படைக்குக் குதிரை வாங்கிய சந்தை என்று பெரியவர்கள் சொல்வார்கள். காது நுனி இரண்டும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரையை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

ஒவ்வொரு வருஷமும் என்னுடன் வருகிறவன் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அவன் அப்பா ஈரோடு ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். சாயங்காலம் குதிரையைக் காவிரிக்கு ஓட்டிப்போய்க் குளிப்பாட்டுவது இவன் வேலை. சேணமெல்லாம் கிடையாது. ஒரு சாக்கைப் போட்டு ஏறிவிடுவான். பத்து வயதில் நானும் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். அப்புறம் ஆட்டோ வந்தது, ஜட்கா போனது, குதிரையையும் விற்றுவிட்டார்கள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, ஓய்வும் பெற்றுவிட்டோம்.

கோவைப் பக்கம் ஒரு குதிரையேற்றப் பயிற்சிக்கூடத்தில் வயசானவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவன்தான் என்னை இழுத்துப்போனான். வீட்டில் திட்டு விழுந்தது. அங்கே முதலில் எடை பார்த்தார்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான கணக்காம். நான் 68 கிலோ, தேறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போய், ஏழெட்டு மாதத்தில் டிராட் ஓட்டும் அளவுக்கு வந்தோம். நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் உள்ள துள்ளுநடைதான் டிராட். ஒரு துள்ளலுக்கு எழுந்து அடுத்த துள்ளலுக்கு உட்கார வேண்டும். தாளம் தப்பினால் மறுநாள் நாற்காலியில் உட்கார முடியாது.

அப்போதுதான் அங்கே ஒரு பயிற்சிப் போட்டி வைத்தார்கள். ஸ்கூலிங் ஷோ என்று அதற்குப் பெயர். பெரிய போட்டிகளுக்குப் போகுமுன் ஆளும் குதிரையும் கூட்டத்துக்கும் நடுவருக்கும் பழகிக்கொள்வதற்காக நடத்துவது. கோப்பை இல்லை, பணம் இல்லை. 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் மணல் பரப்பிய களம். சுற்றிலும் ஏ, கே, ஈ, எச் என்று எழுத்துப் பலகைகள். எந்த எழுத்தில் திரும்ப வேண்டும், எங்கே வட்டம் போட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பக்கத்திலேயே குறிப்பும் எழுதுவார். முடிந்ததும் அந்தத் தாளை நம் கையில் கொடுத்துவிடுவார்கள். வரிசை மறந்துபோனால் வெளியே நின்று ஒருவர் வாசித்துக் காட்டலாம். எனக்கு அவன் வாசிப்பது, அவனுக்கு நான் வாசிப்பது என்று ஏற்பாடு.

எனக்கு முன்னால் பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்று ஓட்டியது. ஆண், பெண், சிறியவர், பெரியவர் எல்லோருக்கும் ஒரே களம்தான். ஒலிம்பிக்கிலேயே குதிரையேற்றத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் மோதுகிறார்கள். அவன் தெளிவாக "வலது பக்கம்" என்று வாசித்தான், நான் இடது பக்கம் திரும்பினேன். மணி அடித்தது. முகம் சிவந்துபோனது எனக்கு. நடுவர் அம்மா, "பரவால்லீங்க, திரும்ப அங்கிருந்து வாங்க" என்றார். தப்பான வழிக்கு இரண்டு மதிப்பெண் போனது. மற்றபடி உலகம் இடிந்து விழவில்லை.

அடுத்து அவன். நிமிர்ந்து உட்கார்ந்து அவன் உள்ளே வந்த அழகில் எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். நிச்சயம் அவன்தான் முதல் என்று நினைத்தேன். தாள் வந்தது. "உட்காரும் விதம் அருமை. கை கனம். குதிரையின் வாயை விடுங்கள்" என்று எழுதி, பல இடங்களில் 4 போட்டிருந்தது.

திரும்பி வரும்போது பவானி வரைக்கும் அவன் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "எங்கப்பா குதிரைக்கு வாயோரத்துல எப்பவும் புண்ணு இருக்கும்டா. ஈ மொய்க்கும். நாந்தான் வேப்பெண்ணெய் தடவுவேன். இரும்பு உரசுதுன்னு நெனச்சேன். இழுத்தது நாங்கதானே."

கடிவாளத்தின் இரும்பு, பல் இல்லாத ஈறு இடைவெளியில், நாக்கின் மேல் கிடக்கிறது. அங்கே தோல் மெல்லியது. நடக்கும்போது குதிரை ஒவ்வொரு அடிக்கும் தலையை ஆட்டும். நம் கையும் அதோடு போய் வர வேண்டும். கை அசையாமல் நின்றால் ஒவ்வொரு அடியும் வாயில் ஒரு வெட்டு. ஐம்பது வருஷமாகக் குதிரை தெரியும் என்று இருந்தவனுக்கு இது தெரியாது. சொல்ல ஆள் இல்லை. சந்தையில் சொல்ல மாட்டார்கள், அங்கே விலை பேசுவார்கள். பந்தயத்தில் சொல்ல மாட்டார்கள், அங்கே யார் முதல் என்பதுதான் பேச்சு. கல்யாண ஊர்வலத்தில் மேளத்துக்கு ஆடும் குதிரையின் வாயில் நுரை தள்ளினால் நாம் கை தட்டுகிறோம்.

என் கருத்து இதுதான். நம் பக்கத்தில் பரிசு இல்லாத போட்டிகள் வேண்டும். நாமக்கல் மாவட்டம் மதிப்பெண்ணுக்குப் பேர் போனது. வெளி மாவட்டத்துப் பிள்ளைகளைக்கூட இங்கே விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தார்கள். 2017-இல் அரசு பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. நம் மனசில் அது இன்னும் நிற்கவில்லை. மாதிரித் தேர்வில்கூட யார் முதல் என்றுதான் பிள்ளையைக் கேட்கிறோம். எங்கே தப்பினாய் என்று கேட்பதில்லை.

பரிசு இல்லாவிட்டால் யார் வருவார்கள் என்று கேட்கலாம். பெரிய போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், எழுத்துப் பலகைகளுக்கு நடுவே ஓட்டும் இதே வகைப் போட்டியில் சுதிப்தி, திவ்யகிருதி, ஹிருதய், அனுஷ் நால்வரும் இந்தியாவுக்குக் குழுத் தங்கம் வாங்கினார்கள். குதிரையேற்றத்தில் 41 வருஷத்துக்குப் பிறகு வந்த தங்கம் அது. பெருமைதான். ஆனால் தங்கம் இருந்திருந்தால் அன்று என் சிநேகிதன் நடுவரோடு சண்டைக்குப் போயிருப்பான். ஒன்றும் இல்லாததால்தான் அந்தத் தாளை நான்கு முறை படித்தான்.

கொங்கு நாட்டுக் குதிரைச் சந்தைகளில் ஒரு நாள் காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். குதிரை வைத்திருக்கும் பையன்கள் வரட்டும். விவரம் தெரிந்த ஒருவரும் ஒரு கால்நடை மருத்துவரும் உட்கார்ந்து, ஆளுக்கொரு தாளில் நல்லதையும் குறையையும் எழுதிக் கொடுக்கட்டும். செலவு ஒரு பேனாவும் கொஞ்சம் காகிதமும்.

அதற்கு அடுத்த பயிற்சிப் போட்டியில் அவனுக்கு 6 கிடைத்தது. "கை முன்னைவிட லேசு" என்று எழுதியிருந்தார்கள். எனக்கு இன்னும் வலது இடது குழப்பம் தீரவில்லை.

போன ஆடியில் அந்தியூரில் நான் வழக்கம்போல் மார்வாரியின் காதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் ஒவ்வொரு குதிரையின் முகத்துக்குப் பக்கத்தில் போய், வாயோரத்தை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டே போனான்.